எஞ்சின் ஏன் செத்தது?

ஐந்தாம் வகுப்பில் கணக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தது. பின்வரிசைப் பையன் ஒருவன் மேசைக்கு அடியில் எதையோ உருட்டிக்கொண்டிருந்தான். நான் பேசவில்லை, கையை மட்டும் நீட்டினேன். தலையைக் குனிந்தபடி வந்து என் உள்ளங்கையில் வைத்தான். விரல் நீளத்தில் ஒரு பொம்மைக் கார். நீண்ட மூக்கு, அகன்ற பின்புறம், பச்சை வர்ணம். திருப்பிப் பார்த்தேன். அடிப்பாகத்தில் 'பொன்டியாக் ஜி.டி.ஓ.' என்று பெயர். அதன் கீழே 'மலேசியா' என்று பொறித்திருந்தது.

வாசகர்களில் சிலருக்கு இது வியப்பாக இருக்காது. 'ஹாட் வீல்ஸ்' எனப்படும் இந்தப் பொம்மைக் கார்கள் 1968-இல் அமெரிக்காவில் அறிமுகமானவை. இன்று அவற்றைச் செய்யும் பெரிய தொழிற்சாலை ஒன்று நம் பிறையில்தான் இருக்கிறது. அமெரிக்கப் பிள்ளை கடையில் வாங்கும் அமெரிக்கக் காரின் பொம்மை நம் ஊர்க் கைகளால் ஆனது!

மணி அடித்ததும் பையன் மேசையருகே வந்து நின்றான்.

"சார், இது நெசக் காடியா? அமெரிக்காவுல ஓடுதா?"

"ஓடியதப்பா. ஐம்பது வருடத்துக்கு மேலாகியும் சில இன்னும் ஓடுகின்றன."

"இஞ்சின் போயிட்டா பழைய இரும்புக்குப் போட்டுருவாங்களா சார்?"

பத்து வயதுப் பிள்ளை வேகத்தைக் கேட்கவில்லை, விலையைக் கேட்கவில்லை. எஞ்சின் போனால் என்ன ஆகும் என்று கேட்டான். அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு வீட்டுக் கவலை இருந்தது எனக்கு அப்போது தெரியாது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் அவன் கேள்விக்கு விடை.

ஐந்து சாகா சேர்ந்தது ஒரு எஞ்சின்

1960களில் அமெரிக்காவில் ஒருவகைக் கார் பிறந்தது. நடுத்தர அளவு உடல், அதற்குள் பெரிய காருக்கு உரிய எஞ்சின், வேலைக்குப் போகும் இளைஞன் தவணையில் வாங்கக்கூடிய விலை. இந்த மூன்றும் சேர்ந்ததற்கு 'மசில் கார்' என்று பெயர் வைத்தார்கள். மசில் என்றால் தசை. உடற்பயிற்சி செய்து புஜத்தை முறுக்கிக் காட்டும் வாலிபனைப் போன்ற கார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இவற்றில் முன்னோடி என்று பலரும் சொல்வது 1964-ஆம் ஆண்டின் பொன்டியாக் ஜி.டி.ஓ. அது பிறந்த கதை சுவையானது. பொன்டியாக்கின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ், நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சின் வைக்கக்கூடாது என்று விதி வைத்திருந்தது. ஜான் டிலோரியன் தலைமையிலான பொன்டியாக் பொறியாளர்கள் 389 கன அங்குல எஞ்சினை வைக்க ஆசைப்பட்டார்கள். புதுக் கார் என்று சொன்னால்தானே விதி குறுக்கே வரும்? இருக்கும் காருக்கே ஏறத்தாழ 300 டாலர் கூடுதலாகக் கொடுத்தால் கிடைக்கும் 'கூடுதல் வசதி' என்று விற்றார்கள். முதல் ஆண்டில் 32,450 கார்கள் போயின. லாபம் வந்த பிறகு விதியைப் பற்றி யார் பேசுவார்கள்?

1967 முதல் இந்தக் காரில் 400 கன அங்குல எஞ்சின் வந்தது. நம் கணக்கில் சுமார் 6.6 லிட்டர். 1985-இல் வெளிவந்த நமது முதல் புரோட்டோன் சாகாவின் எஞ்சின் 1.3 லிட்டர். ஐந்து சாகாக்களின் எஞ்சினை ஒன்றாகக் கட்டி ஒரே காரில் வைத்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது அது. எட்டு பிஸ்டன்கள், நான்கு நான்காக இரு வரிசையில், ஆங்கில 'வி' எழுத்துப் போல விரிந்து நிற்கும்.

அந்த ஆட்டம் நெடுநாள் நீடிக்கவில்லை. இளைஞர்களுக்கு இன்சூரன்ஸ் கட்டணம் எகிறியது. 1970-இல் காற்றுத் தூய்மைச் சட்டம் கடுமையானது. 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. பழைய ஜி.டி.ஓ. வரிசை 1974-உடன் நின்றது. பொன்டியாக் என்ற பெயரே 2010-உடன் கார்ச் சந்தையிலிருந்து மறைந்துவிட்டது. ஆகவே இன்று ஒரு 1969 ஜி.டி.ஓ.வின் எஞ்சின் போனால், கம்பெனி வாசலில் கொண்டுபோய் நிறுத்த முடியாது. கம்பெனியே இல்லை.

நைலான் பல்

இனி எஞ்சின் எப்படிச் சாகிறது என்று பார்ப்போம். அதற்குமுன் அது எப்படி வாழ்கிறது என்று தெரியவேண்டும்.

எஞ்சினின் அடிப்பகுதியில் 'கிராங்க்' என்னும் கனமான தண்டு சுழல்கிறது. பிஸ்டன்கள் மேலும் கீழும் மிதிக்க, சைக்கிள் மிதிகட்டை போல அது சுற்றுகிறது. இந்தத் தண்டை மெல்லிய பிறை வடிவத் தகடுகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து தாங்குகின்றன. அவைதாம் பேரிங். ஆனால் தண்டு பேரிங்கைத் தொடுவதே இல்லை! இரண்டுக்கும் நடுவே தலைமுடிப் பருமன் அளவே இடைவெளி. அதற்குள் பம்பு எண்ணெயை அழுத்தி அனுப்புகிறது. சோப்புத் தண்ணீர் கொட்டிய சிமெண்டுத் தரையில் கால் வழுக்குகிறதல்லவா? அதுபோல அந்த எண்ணெய்ப் படலத்தின்மேல் தண்டு மிதந்தபடியே சுழல்கிறது. படலம் இருக்கும்வரை எத்தனை ஆயிரம் மைலும் ஓடும். படலம் அறுந்தால், இரும்பு பேரிங்கில் உராயும். சில நிமிடங்களில் கதை முடிந்துவிடும்.

எண்ணெய் எங்கிருந்து வருகிறது? எஞ்சினுக்கு அடியில் ஒரு தொட்டி. அதில் ஒரு குழாய் தலைகீழாக மூழ்கியிருக்கும். அதன் வாயில் கம்பிவலை. பம்பு அந்த வலை வழியாகத்தான் எண்ணெயை உறிஞ்சுகிறது. இந்த வலையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எஞ்சினின் முன்பக்கம் கிராங்கையும், வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டையும் ஒரு சங்கிலி இணைக்கிறது. சங்கிலி ஓடினால் சத்தம் வரும். கார் வாங்குபவருக்குச் சத்தம் பிடிக்காது. ஆகவே அந்தக் காலத்தில் கேம் தண்டின் பல்சக்கரத்தை அலுமினியத்தில் செய்து, பற்களை மட்டும் நைலானில் வார்த்துவிட்டார்கள். பொன்டியாக் மட்டுமல்ல, வேறு பல எஞ்சின்களிலும் இப்படித்தான். புதிதாக இருக்கும்போது மிக அமைதி. ஆனால் வருடக்கணக்கில் கொதிக்கும் எண்ணெயில் கிடந்த நைலான் என்ன ஆகும்? காய்ந்து, உறுதி இழந்து, ஒவ்வொரு பல்லாக உதிரும். உதிர்ந்த பல் எங்கே போகும்? நேரே கீழே, எண்ணெய்த் தொட்டிக்கு. அங்கிருந்து அந்தக் கம்பிவலைக்கு.

இப்படி ஒரு காரை நினைத்துக்கொள்வோம். பல் உதிர்ந்து சங்கிலி தளர்கிறது, எஞ்சின் தடுமாறுகிறது. உரிமையாளர் பட்டறையில் விடுகிறார். முன்மூடியைக் கழற்றி, சங்கிலியையும் சக்கரத்தையும் புதிதாக மாற்றிவிடுகிறார்கள். தொட்டியைக் கழற்றவேண்டுமென்றால் எஞ்சினையே கொஞ்சம் தூக்கவேண்டும். வேலை அதிகம், கூலி அதிகம். 'அது தேவையில்லை' என்று விட்டுவிடுகிறார்கள். கார் அழகாக ஓடுகிறது. எல்லோருக்கும் சந்தோஷம்.

நைலான் துண்டுகளோ தொட்டியிலேயே கிடக்கின்றன. ஒன்றிரண்டு வலையில் ஒட்டும். பிறகு இன்னும் சில ஒட்டும். ஒரு நாள் நெடுஞ்சாலையில் எண்ணெய் அழுத்த விளக்கு ஒரு முறை கண் சிமிட்டும். 'விளக்கு பழுது' என்று உரிமையாளர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்வார். மறு வாரம் அடியிலிருந்து 'டொக், டொக், டொக்' என்று ஒரு சத்தம். வேகம் கூடினால் சத்தமும் கூடும். அதுதான் எஞ்சினின் கடைசி வார்த்தை. அப்போதே நிறுத்தியிருந்தால் பேரிங்கோடு போயிருக்கும். 'வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம்' என்று ஓட்டினால், பேரிங் தன் இருப்பிடத்திலிருந்து பிடுங்கிக்கொண்டு தண்டோடு சேர்ந்தே சுற்றும். பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு சூட்டில் நீலம் பாய்ந்துவிடும். இன்னும் ஓட்டினால் அது முறிந்து எஞ்சின் கட்டையையே துளைத்துக்கொண்டு வெளியே வரும்.

தூக்கிப் போடுவதா, திரும்பக் கட்டுவதா?

இந்த இடத்தில் அமெரிக்க உரிமையாளருக்கு மூன்று வழிகள் உண்டு. பழைய கார்க் கிடங்கில் வேறொரு எஞ்சின் தேடலாம். இக்காலத்து எஞ்சின் ஒன்றைப் பெட்டியோடு வாங்கிப் பொருத்தலாம். பலர் அதையே செய்கிறார்கள். மூன்றாவது வழி, செத்த எஞ்சினையே திரும்பக் கட்டுவது.

மூன்றாவதுதான் மிகக் கடினம். ஆனாலும் பலர் அதைத் தேர்ந்தெடுப்பதற்கு ஒரு காரணம் உண்டு. 1960களின் கடைசியிலிருந்து இந்தக் கார்கள் பலவற்றில், காரின் பதிவெண்ணின் ஒரு பகுதியை எஞ்சின் கட்டையிலும் பொறித்திருக்கிறார்கள். இரண்டும் ஒத்திருந்தால் 'பிறந்தபோது இருந்த அதே எஞ்சின்' என்று பொருள். அப்படிப்பட்ட காருக்கு மதிப்பும் விலையும் வேறு. அந்தக் கட்டையை இழந்தால் பிறகு எவ்வளவு பணம் கொடுத்தாலும் வாங்க முடியாது. நம் வீட்டில் பாட்டியின் பெயர் பொறித்த பித்தளைக் குடத்தில் ஓட்டை விழுந்தால் ஈயம் பூசப் பார்ப்போமே தவிர, எடைக்குப் போடுவோமா?

எஞ்சினைக் கழற்றிச் சங்கிலிக் கப்பியில் தொங்கவிடுவார்கள். ஏறத்தாழ 300 கிலோ எடை. நல்ல பட்டறைக்காரர் முதலில் செய்வது மாற்றுவதல்ல, பார்ப்பது. வடித்த எண்ணெயில் மினுக்கம் இருக்கிறதா? எண்ணெய் வடிகட்டியை அறுத்துப் பிரித்து, மடிப்புகளுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பார். தொட்டியைக் கழற்றி வலையைப் பார்ப்பார். அங்கே நைலான் துண்டுகள்! கொலைகாரன் அகப்பட்டான். இனிமேல்தான் வைத்தியம்.

ஒவ்வொரு திருகாணியும் தனிப் பையில், பெயர் எழுதி. கட்டையை வென்னீர் இரசாயனத் தொட்டியில் கழுவுவார்கள். காந்தமேற்றி இரும்புத் தூள் தூவுவார்கள். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருந்தால் தூள் அங்கே கோடாகக் கூடி நிற்கும். கட்டைக்குள் எண்ணெய் ஓடும் வழிகளின் அடைப்பான்களையெல்லாம் கழற்றி நீண்ட தூரிகை விட்டுத் தேய்ப்பார்கள். செத்த பேரிங்கின் பொடி அந்த வழிகளில் ஒளிந்திருக்கும். அதை விட்டுவிட்டு புதுப் பேரிங் போட்டால், முதல் நிமிடத்திலேயே அந்தப் பொடி புதுப் பேரிங்கைத் தின்றுவிடும்.

பிறகு அளவெடுப்பு. சிலிண்டர் தேய்ந்திருந்தால் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 30 பங்கு அகலமாகக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடுவார்கள். ஒரு சிலிண்டர் மட்டும் பாழாகியிருந்தால் அதற்குள் புதுக் குழல் இறக்குவார்கள். கீறல் விழுந்த கிராங்கை ஆயிரத்தில் 10 பங்கோ 20 பங்கோ சாணைபிடித்து, அதே அளவு தடித்த பேரிங் வைப்பார்கள். இடைவெளிக்கு ஒரு பழைய கணக்கு உண்டு: தண்டின் விட்டம் ஓர் அங்குலத்துக்கு, ஆயிரத்தில் ஒரு பங்கு. இந்த எஞ்சினில் கிராங்கைத் தாங்கும் இடத்தின் விட்டம் 3 அங்குலம். ஆகவே ஆயிரத்தில் 3 பங்கு அளவு. கணக்குப் பாடத்தில் தசமம் எதற்கு என்று கேட்கும் பிள்ளைகளே, இதற்குத்தான்!

காலம் மாறியதற்கும் ஈடுகட்டவேண்டும். 1969-இல் இந்த எஞ்சின் பெட்ரோல் கலவையைப் பத்தே முக்கால் மடங்கு அழுத்தியது. அன்றைய பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. அது அந்த அழுத்தத்தையும் தாங்கியது, வால்வு உட்காரும் இடத்தையும் காத்தது. அமெரிக்காவில் சாலைக் கார்களுக்கு ஈயப் பெட்ரோல் 1996-உடன் முற்றாக ஒழிந்தது. ஆகவே இப்போது திரும்பக் கட்டுபவர்கள் அழுத்தத்தைக் குறைக்கும் பிஸ்டன் போடுகிறார்கள். வால்வு உட்காரும் இடத்தில் கடினமான உருக்கு வளையம் வைக்கிறார்கள். சூட்டில் நீலம் பாய்ந்த பழைய வார்ப்பு இணைப்புத் தண்டுகளை ஒதுக்கிவிட்டு, அடித்துச் செய்த உருக்குத் தண்டுகளை மாட்டுகிறார்கள். பல்சக்கரம்? இந்த முறை இரும்பில். கொஞ்சம் சத்தம் வந்தாலும் பரவாயில்லை.

முதல் இருபது நிமிடம்

எல்லாம் பூட்டியாயிற்று. சாவியைத் திருப்பலாமா? கூடாது! மாதக்கணக்கில் காய்ந்து கிடந்த எஞ்சின் அது. டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி, அதன் துவாரத்தில் நீண்ட கம்பியை விட்டு, துளைபோடும் இயந்திரத்தால் எண்ணெய்ப் பம்பை மட்டும் சுற்றுவார்கள். அழுத்தமானியின் முள் எழும். எண்ணெய் மேலே வால்வுகள்வரை வந்து சொட்டுவதைக் கண்ணால் பார்த்த பிறகே கிளப்புவார்கள்.

கிளம்பியதும் 'ஆகா' என்று மெதுவாக உறுமவிட்டுக் கேட்கவும் கூடாது. இந்தப் பழைய வகை எஞ்சினில் புதுக் கேம் தண்டின் மேடுகளும் அவற்றின்மேல் உரசும் அடிப்பாகங்களும் ஒன்றுக்கொன்று படிந்துகொள்ளவேண்டும். நிமிடத்துக்குச் சுமார் 2,000 சுற்று வேகத்தில் இருபது முப்பது நிமிடம் விடாமல் ஓட்டவேண்டும். மெதுவாக ஓடவிட்டால் எண்ணெய் போதிய அளவு தெறிக்காது. புதுக் கேம் முதல் அரைமணியிலேயே தேய்ந்து பாழாகும். எண்ணெயிலும் துத்தநாகச் சத்து வேண்டும். இன்றைய கார்களுக்கான எண்ணெய் பலவற்றில் அது குறைவு என்பதால் தேடித்தான் வாங்குகிறார்கள். பிறகு அந்த எண்ணெயை வடித்துவிட்டு, வடிகட்டியை மறுபடியும் அறுத்துப் பார்ப்பார்கள். மினுக்கம் இல்லையென்றால்தான் மூச்சு விடுவார்கள்.

எல்லா எஞ்சினையும் இப்படிக் காப்பாற்றிவிட முடியாது. கட்டை உடைந்து துளைபட்டால், பதிவெண் பொறித்த இரும்பை ஒரு மூலையில் வைத்துவிட்டு வேறு எஞ்சின் தேடவேண்டியதுதான். அதுவும் நடக்கிறது.

நம் லயத்தில் நடந்தது

இப்போது பையனின் கதைக்கு வருகிறேன்.

அந்த வாரக் கடைசியில் தேர்ச்சி அறிக்கை வாங்கப் பெற்றோர் வந்தார்கள். அவன் அப்பா நடந்து வந்தார். செம்பனையில் குலை வெட்டுபவர். எப்போதும் மோட்டாரில் வருபவராயிற்றே என்று கேட்டேன்.

"மோட்டார் படுத்துடுச்சு சார். ரெண்டாவது தடவை. பேசாம இரும்புக்குப் போட்டுட்டு தவணையில புதுசு எடுக்கச் சொல்றாங்க."

எட்டு மாதத்துக்கு முன் எஞ்சின் பிடித்துக்கொண்டதாம். பிஸ்டன், ரிங் எல்லாம் மாற்றினார்கள். இப்போது மறுபடியும் அதே. மனைவியை டவுன் தொழிற்சாலை வேன் நிற்கும் இடத்தில் விடவும், மகனைப் பள்ளியில் விடவும், மருந்து வாங்கவும் அந்த ஒரு மோட்டார்தான். புதிதெடுத்தால் ஐந்து வருடம் மாதந்தோறும் சம்பளத்தில் பிடி விழும். மகன் என்னிடம் கேட்ட கேள்வி எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் விளங்கியது.

நான் மெக்கானிக் இல்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: "முதல் தடவை ஏன் பிடித்துக்கொண்டது என்று சொன்னார்களா?"

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "நான் கேக்கவே இல்லையே சார்."

டவுனில் என் பழைய மாணவன் ஒருவன் சிறு பட்டறையில் வேலை செய்கிறான். மோட்டாரை அங்கே ஏற்றிப் போனோம். "தம்பி, உடனே எதையும் மாற்றாதே. ஏன் செத்தது என்று மட்டும் பார்த்துச் சொல்" என்றேன். வலப்பக்க மூடியைக் கழற்றினான். அதன் அடியில் சின்னக் கம்பிவலை இருந்தது. உருவி வெளியே எடுத்தான். வலை முழுக்கச் சிவப்பாகக் கந்தல் கந்தலாக ஏதோ ஒட்டியிருந்தது. கேஸ்கெட்டில் தடவும் கோந்து!

கதை அப்போதுதான் முழுதாக வந்தது. முதலில் அந்த மூடியிலிருந்து கறுப்பெண்ணெய் கசிந்திருக்கிறது. சிமெண்டுத் தரையில் சொட்டு விழுந்ததை வீட்டில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். எண்ணெய் அளவை யாரும் பார்க்கவில்லை. எண்ணெய் வற்றி எஞ்சின் பிடித்துக்கொண்டது. சரிசெய்தவர்கள் கசிவை நிறுத்தக் கோந்தை அள்ளித் தடவிவிட்டார்கள். உள்ளே பிதுங்கிய கோந்து காய்ந்து, பிய்ந்து, வலையை அடைத்தது. முதல் சாவுக்குக் காரணம் கசிவு. இரண்டாவது சாவுக்குக் காரணம் வைத்தியம்.

அமெரிக்க நைலான் பல்லும் நம் லயத்துக் கோந்தும் ஒன்றுக்கொன்று சொந்தக்காரர்கள் என்று எனக்குப் பட்டது.

கிராங்கு நல்லவேளையாகக் கெடவில்லை. சிலிண்டரைக் கடைந்து பெரிய பிஸ்டன் போட்டார்கள். எண்ணெய்ப் பம்பு புதிது. எண்ணெய் வழிகளைக் காற்றடித்துக் கழுவினார்கள். மூடிக்குக் கோந்து இல்லாமல் புதுக் கேஸ்கெட் மட்டும். மொத்தச் செலவு புதிய வண்டியின் நான்கு மாதத் தவணையைவிடக் குறைவு. இப்போது சனிக்கிழமை தோறும் அளவுகோலை உருவித் துடைத்து எண்ணெய் பார்ப்பது மகனின் வேலை. பார்த்த தேதியைச் சுவர்க் காலண்டரில் குறித்தும் வைக்கிறானாம்.

வாசகர்களே, பட்டறைக்குப் போகும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். ஏன் கெட்டது? கழற்றிய பழைய சாமானைக் காட்டுவீர்களா? உடைந்த துண்டு எங்கே போயிற்று? மூன்றாவது கேள்விக்குப் பதில் வராவிட்டால் காசை எடுக்காதீர்கள். துண்டு இன்னும் உள்ளேதான் இருக்கிறது.

இது எஞ்சினுக்கு மட்டும் உரிய பாடமல்ல. ஆறாம் வகுப்பில் பின்னக் கணக்கு வராத பிள்ளையை ஒரு டியூஷனிலிருந்து இன்னொரு டியூஷனுக்கு மாற்றுகிறோம். புதுப் பேரிங், அதற்குமேல் இன்னொரு புதுப் பேரிங்! உட்காரவைத்துக் கேட்டால், மூன்றாம் வகுப்பில் ஏழாம் வாய்ப்பாட்டில் விட்ட இடம் அப்படியே கிடக்கும். இருபது வருடமாகப் பாடம் சொல்லித்தரும் நானும் இதை மறந்து, பிள்ளையைக் கடிந்துகொண்டிருக்கிறேன். வலையைக் கழற்றிப் பார்க்கப் பொறுமை வேண்டும், எனக்கும்தான்.

பொம்மைக் காரை அன்றே திருப்பிக் கொடுத்துவிட்டேன். வாங்கிக்கொண்டவன் அதைத் தலைகீழாகத் திருப்பி ஒருமுறை பார்த்தான். "சார், இதுக்கு இஞ்சினே இல்லை. அதான் கெட்டுப்போகலை" என்று சொல்லிவிட்டு ஓடினான்.

உங்கள் வீட்டு மோட்டாருக்கு எஞ்சின் இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை, சந்தைக்குக் கிளம்புமுன், அளவுகோலை உருவி ஒருமுறை பாருங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.